சாத்துசாக் சந்தையில் 50 பாட் பேரம், ஏடிஎம்மில் 400 பாட் நட்டம்: உங்கள் பணம் எங்கே போகிறது?

சட்டைக்கு 250 பாட் சொல்கிறார் கடைக்காரர். நீங்கள் 150 என்கிறீர்கள். அவர் சிரித்துக்கொண்டே கால்குலேட்டரில் 220 என்று தட்டிக் காட்டுகிறார். நீங்கள் கிளம்புவதுபோல் இரண்டு அடி எடுத்து வைக்கிறீர்கள். கடைசியில் 200-க்குப் படிகிறது. 50 பாட் மிச்சம். பர்மா பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் கற்ற வித்தை பாங்காக்கிலும் செல்லுபடியாகிறதே என்று ஒரு சந்தோஷம்.

சரி, அந்தச் சட்டைக்கு நீங்கள் நீட்டிய 200 பாட் எங்கிருந்து வந்தது? காலையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஏடிஎம்மில் எடுத்த 3,000 பாட்டிலிருந்து என்றால், அந்த ஒரு முறை கார்டைச் செருகியதில் மட்டும் நீங்கள் சுமார் 418 பாட் இழந்திருக்க வாய்ப்பு உண்டு. எட்டுக் கடைகளில் தலா 50 பாட் குறைத்து வாங்கினாலும் அதை ஈடுகட்ட முடியாது. பாங்காக்கில் ஒரு தொழிலாளியின் குறைந்தபட்ச நாள் கூலி, 2025 ஜூலை முதல், 400 பாட்.

2024இல் தாய்லாந்துக்குச் சென்ற இந்தியர்கள் 21 லட்சத்துக்கும் அதிகம். விசா இல்லாமல் போகலாம் என்ற சலுகையும், சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரப் பயணம் என்பதும் சேர்ந்து, முதல் வெளிநாட்டுப் பயணம் என்றாலே பாங்காக் என்றாகிவிட்டது. அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் கால் வைக்கும் இடங்களில் ஒன்று சாத்துசாக். அதையே எடுத்துக்காட்டாக வைத்து, தெருச் சந்தையில் ஒரு பொருள் உங்களுக்கு உண்மையில் என்ன விலைக்கு வருகிறது என்று பார்ப்போம்.

பெயரே நமக்குத் தெரிந்ததுதான்

தாய் மொழியில் 'ஜாதுஜாக்' என்று ஒலிக்கும் இந்தச் சொல், 'சதுர் சக்கரம்' என்ற சமஸ்கிருதச் சொற்களிலிருந்து வந்தது. நான்கு சுற்றுகள் என்று பொருள். ஒரு சுற்று 12 ஆண்டுகள். நான்கு சுற்றுகள் 48. மன்னர் பூமிபோலுக்கு 1975இல் 48 வயது நிறைந்ததை ஒட்டி உருவான பூங்காவுக்கு இந்தப் பெயர் வைத்தார்கள். பக்கத்துச் சந்தைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

சந்தை பூங்காவைவிடப் பழையது. ஒவ்வொரு மாகாணத்திலும் ஒரு சந்தை இருக்க வேண்டும் என்று பிரதமர் பிபுன்சொங்க்ராம் 1948இல் முடிவெடுத்தார். பாங்காக்கின் சந்தை அரண்மனைக்கு எதிரே உள்ள சனாம் லுவாங் திடலில் தொடங்கி, கடைசியாக 1982இல் ரயில்வேக்குச் சொந்தமான இப்போதைய இடத்துக்கு வந்தது. சுமார் 35 ஏக்கர், 27 பிரிவுகள், ஏறக்குறைய 15,000 கடைகள். முழுச் சந்தையும் இயங்குவது சனி, ஞாயிறு மட்டும், காலை 9 முதல் மாலை 6 வரை. எம்ஆர்டி ரயிலில் கம்பேங் பெட் நிலையத்தில் இறங்கினால் சந்தைக்குள்ளேயே மேலே வரலாம். மோ சிட் நிலையத்திலிருந்து என்றால் கொஞ்சம் நடை. பத்தரை மணிக்குமேல் தகரக் கூரைக்கு அடியில் அடிக்கும் வெக்கை சென்னைக்காரர்களையே அசத்தும்.

வெளிநாட்டுக்காரர் என்றால் விலை ஏற்றுகிறார்களா?

சில கடைகளில், ஆமாம். ஆனால் 'ஏமாற்றுகிறார்கள்' என்று அதைச் சுருக்கிவிட்டால் சந்தை எப்படி வேலை செய்கிறது என்பது புரியாது.

மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ், 1978இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சந்தையில் சரக்குக்குப் பஞ்சமில்லை, தகவலுக்குத்தான் பஞ்சம் என்பது அதன் சாரம். பொருளின் தரம் என்ன, நியாய விலை என்ன என்பதெல்லாம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள். ஒரே கடைக்காரரிடம் ஆழமாகப் பேசிப் பார்ப்பது ஒன்று. பல கடைகளில் மேலோட்டமாக விசாரிப்பது இன்னொன்று. பேரம் என்பது முதல் வகை.

சுற்றுலாப் பயணிகளான நாம் இங்கேதான் வழி மாறிப் போகிறோம். யானைப் படம் போட்ட அந்தக் காற்றாட்டமான பேண்ட் சாத்துசாக்கில் எத்தனை கடைகளில் தொங்குகிறது என்று பாருங்கள். எல்லாமே கிட்டத்தட்ட ஒரே சரக்கு. இப்படிப்பட்ட பொருளுக்கு ஒரு கடையில் நின்று பத்து நிமிடம் மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஐந்து கடைகளில் விலையை மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தால் போதும், நியாய விலை தானாகத் தெரிந்துவிடும். கையால் செய்த மட்பாண்டம், பழைய கேமரா, தோல் பை போன்ற ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியாத பொருள்களுக்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

விசாரித்துவிட்டு 'அப்புறம் வர்றேன்' என்று நகர்ந்தால், அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிப்பது சாத்துசாக்கில் லேசுப்பட்ட காரியம் இல்லை. கடைக்கு மேலே பிரிவு எண்ணும் சந்து எண்ணும் எழுதியிருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

விலைக்குள் வாடகையும் ஒளிந்திருக்கிறது. சந்தை நிர்வாகத்தை 2012இல் ரயில்வே நேரடியாக எடுத்துக்கொண்டபோது கடை வாடகை மாதம் 3,157 பாட்டாக உயர்ந்தது. 2018 இறுதியில் மாநகராட்சி திரும்பப் பெற்றபோது அது 1,800 பாட்டாகக் குறைந்தது. ஆனால் கடையை ஏலத்தில் எடுத்தவர் ஒருவர், உள்வாடகைக்கு எடுத்து நடத்துபவர் இன்னொருவர் என்பது அங்கேயும் உண்டு. உள்வாடகை, அரசு நிர்ணயித்ததைவிடப் பல மடங்கு. வாரத்தில் இரண்டே நாள் முழு வியாபாரம் நடக்கும் இடத்தில் அந்தச் செலவை எடுத்தாக வேண்டும். 'கட்டுப்படியாகாது' என்று கடைக்காரர் கையை விரிப்பது எப்போதும் நாடகம் இல்லை.

அப்போ பேரமே பேசக்கூடாதா?

பேசலாம், நன்றாகவே பேசலாம். விலை அட்டை தொங்காத துணி, நினைவுப் பொருள், அலங்காரச் சாமான் எல்லாம் பேரத்துக்கு உரியவை. சாப்பாடு, பழச்சாறு, மசாஜ் ஆகியவற்றுக்கு அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. வடிவமைப்பாளர்களே நடத்தும் சிறு கடைகளில் 'ஒரே விலை' என்று எழுதியிருந்தால் அதை மதித்துவிடுவது நல்லது.

தள்ளுபடியைவிட மொத்த விலைதான் எளிதில் கிடைக்கும். அலுவலகத்தில் ஐந்து பேருக்கு டி-ஷர்ட் வாங்குவதாக இருந்தால் ஐந்தையும் ஒரே கடையில் எடுங்கள். மூன்று எடுத்தாலே பல கடைகளில் விலை இறங்கும்.

'லொட் டாய் மாய்' என்றால் 'குறைக்க முடியுமா' என்று பொருள். கடைசியில் ஆண்கள் 'க்ராப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்த்தால் மரியாதை. நாம் அண்ணா, அக்கா என்று கூப்பிடுவதுபோல, தன்னைவிட மூத்த கடைக்காரரை ஆணானாலும் பெண்ணானாலும் 'பீ' என்று அழைப்பார்கள். தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் சங்கடமான ஒலிதான், கூட வந்தவர்கள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போணி நம்பிக்கையும் அங்கே உண்டு. அன்றைய முதல் வியாபாரத்தில் வந்த நோட்டால் மற்ற சரக்குகளைத் தட்டிவிட்டுக் கல்லாவில் போடும் கடைக்காரர்களைக் காலையில் பார்க்கலாம். முதல் வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கும் மனம் வராது. ஆனால் விலை கேட்டு, குறைத்து, அவர் ஒப்புக்கொண்ட பிறகு வாங்காமல் போவது எந்த ஊரிலும் கெட்ட பழக்கம். போணி நேரத்தில் இன்னும் மோசம்.

கடைசி 20 பாட்டுக்காகக் குரலை உயர்த்துவது எனக்கு உடன்பாடில்லை. அது ஐம்பத்துச் சொச்ச ரூபாய். நீங்கள் கவனிக்க வேண்டிய தொகை வேறு இடத்தில் கசிகிறது.

3,000 பாட்டின் உண்மையான விலை

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 1 பாட் = 2.70 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 3,000 பாட் என்றால் 8,100 ரூபாய் ஆக வேண்டும். சாதாரண டெபிட் கார்டில் எடுத்தால் என்ன ஆகிறது?

தாய்லாந்து ஏடிஎம் வெளிநாட்டு கார்டுகளுக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடிக்கும். பல ஆண்டுகளாகப் பரவலாக இருப்பது 220 பாட். 100 பாட் எடுத்தாலும் இதே 220தான். ஆக, உங்கள் கணக்கிலிருந்து கழிவது 3,000 அல்ல, 3,220 பாட், அதாவது 8,694 ரூபாய்.

அடுத்து உங்கள் வங்கி இதன்மேல் 'ஃபாரெக்ஸ் மார்க்கப்' போடும். பல கார்டுகளில் இது 3.5 சதவீதம். இங்கே 304 ரூபாய். அந்த மார்க்கப்பின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 55 ரூபாய். வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுத்ததற்கென்று உங்கள் வங்கி 150 ரூபாய் வசூலிக்கிறது என்று கொள்வோம். ஜிஎஸ்டியோடு 177.

மொத்தம் 9,230 ரூபாய். 8,100 ரூபாய் பெறுமான பணத்துக்கு 1,130 ரூபாய் கூடுதல், கிட்டத்தட்ட 14 சதவீதம். அதாவது, 200 பாட்டுக்கு வாங்கிய அந்தச் சட்டை உங்களுக்கு 228 பாட்டுக்கு வந்திருக்கிறது. பேரத்தில் மிச்சம் பிடித்த 50 பாட்டில் பாதிக்குமேல் போயிற்று. கடைக்காரருக்கும் அது போய்ச் சேரவில்லை.

இதே கார்டில் ஒரேயடியாக 10,000 பாட் எடுத்தால் இழப்பு சுமார் 1,911 ரூபாய், 7 சதவீதம். தொகை பெரிதாகப் பெரிதாக நிலையான கட்டணத்தின் சுமை குறைகிறது. மார்க்கப் இல்லாத கார்டாக இருந்தால், மற்ற கட்டணங்கள் அப்படியே இருந்தாலும், 3 சதவீதத்துக்குள் வந்துவிடும். ஐந்து நாள் பயணத்தில் ஐந்து முறை ஏடிஎம் போகிறவர்தான் அதிகம் இழக்கிறார். 'கையில நிறைய பணம் வெச்சுக்க பயமா இருக்கு' என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அந்த நிம்மதிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும்.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகவே செருகாதீர்கள். மேலே சொன்னவற்றோடு ரொக்க முன்பணக் கட்டணமும் எடுத்த நாளிலிருந்தே வட்டியும் சேரும். ஃபாரெக்ஸ் கார்டு எடுப்பவர்கள், அதில் பாட் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். டாலரை ஏற்றிக்கொண்டு பாட்டில் செலவழித்தால் 'கிராஸ் கரன்சி' கட்டணம் என்று மறுபடி 3.5 சதவீதம் வரை பிடிக்கும் கார்டுகள் உண்டு. எந்தக் கார்டாக இருந்தாலும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே 'ஆன்' செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் என்ற நிலையில்தான் வருகின்றன.

ஸ்க்ரீனில் ரூபாய் தெரிந்தால் என்ன செய்வது?

பணம் எடுக்கும்போது இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும். உங்கள் தொகையை இப்போதே இந்திய ரூபாயாக மாற்றிக் காட்டி, 'இந்த விகிதத்தில் தொடரலாமா?' என்று பச்சைப் பொத்தானை நீட்டும். பழக்கப்பட்ட ரூபாய்க் குறியைப் பார்த்ததும் விரல் தானாகப் போகும்.

வேண்டாம். 'வித்தவுட் கன்வர்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கன்வர்ஷனை மறுத்தால் பணம் வராதோ என்று தோன்றும்படி எழுதியிருப்பார்கள். வரும். ரூபாயை ஒப்புக்கொண்டால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது ஏடிஎம் தரப்பு, அதில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும். 5 சதவீதம் ஏற்றினாலும் மேலே சொன்ன 3,220 பாட்டில் 435 ரூபாய் கூடுதல். இதற்குமேல் உள்ளூரில் உங்கள் வங்கியும் தனிக் கட்டணம் போடக்கூடும். மால்களில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்: 'பாட்'.

ரொக்கம் எடுத்துப் போனால்?

தெருச் சந்தைக்கு இன்றும் ரொக்கம்தான் ராஜா. பலர் ரூபாய் நோட்டை அப்படியே கொண்டுபோய் மாற்றுகிறார்கள். இந்தியாவிலிருந்து ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் நோட்டாக எடுத்துச் செல்லலாம் என்பது ஒரு பக்கம். விகிதமும் சாதகமாக இருக்காது. பாங்காக் எக்ஸ்சேஞ்ச் கடையின் பலகையில் 'வாங்கும் விலை', 'விற்கும் விலை' என்று இரண்டு எண்கள் இருக்கும். டாலருக்கு இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு, ரூபாய்க்கு அதிகம். அந்த இடைவெளிதான் கடையின் லாபம், உங்கள் செலவு.

டாலராகக் கொண்டுபோனால் இரண்டு முறை மாற்ற வேண்டுமே என்பது சரியான கேள்வி. சென்னையில் டாலர் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே விடை இருக்கிறது. கணக்குப் போடும் முறை ஒன்றுதான்: 10,000 ரூபாய் கொடுத்தால் கடைசியில் கையில் எத்தனை பாட் மிஞ்சும்? சென்னையில் நேரடியாகப் பாட் வாங்குவது, டாலர் வழியாகப் போவது, ஏடிஎம் ஆகிய மூன்றுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். டாலர் என்றால் கசங்காத 50, 100 டாலர் நோட்டுகளாகக் கேளுங்கள், சிறிய நோட்டுகளுக்கு அங்கே விகிதம் குறைவு. சுவர்ணபூமி விமான நிலையத்தில் லக்கேஜ் எடுக்கும் இடத்திலேயே மாற்றிவிடாமல், கீழ்த்தளத்தில் நகர ரயில் ஏறும் இடத்தருகே உள்ள எக்ஸ்சேஞ்ச் கடைகள் வரை பொறுத்தால் வித்தியாசம் தெரியும். பாஸ்போர்ட் கேட்பார்கள்.

ஜிபே வேலை செய்யுமா?

கடைக்குக் கடை க்யூஆர் கோடு ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் எல்லோருக்கும் வரும் சந்தேகம். அது தாய்லாந்தின் 'பிராம்ப்ட்பே'. நம் யுபிஐ அதைப் படிக்காது. சிங்கப்பூரின் 'பேநவ்'வுடன் பிராம்ப்ட்பே 2021இலும், யுபிஐ 2023 பிப்ரவரியிலும் இணைந்தன. இருவருக்கும் பொதுவான ஒரு நண்பர் இருந்தும் இவர்கள் இருவரும் இன்னும் நேரடியாகப் பேசிக்கொள்ளவில்லை. இந்தியா, தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் உடனடிப் பணப் பரிமாற்ற முறைகளை ஒரே வலையில் இணைக்கும் 'நெக்ஸஸ்' திட்டத்தில் ரிசர்வ் வங்கி 2024இல் சேர்ந்தது. அது நடைமுறைக்கு வந்தால் மேலே போட்ட கணக்கு மொத்தமும் மாறும்.

வாட் வரி திரும்பக் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு 7 சதவீத வாட் திருப்பித் தரும் திட்டம் உண்டு. ஆனால் அதற்கென்று பதிவு செய்த கடையில், ஒரே நாளில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கியிருக்க வேண்டும். சந்தைக் கடைகளில் எதிர்பார்க்காதீர்கள்.

வாங்கினால் வம்பில் முடியும் பொருள்கள்

இதுவரை பார்த்தது ரூபாய்க் கணக்கு. சில பொருள்களின் விலை வேறு மாதிரி.

இ-சிகரெட், வேப். இரவுச் சந்தைகளில் சாதாரணமாகப் பரப்பி வைத்திருந்தாலும் தாய்லாந்திலேயே அது சட்டவிரோதம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதியும் குற்றம், முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை.

புத்தர் சிலைகள். கழுத்தில் போடும் சிறிய டாலர் வேறு. சிலை என்றால் நாட்டைவிட்டு எடுத்துச் செல்லத் தாய்லாந்தின் நுண்கலைத் துறை அனுமதி தேவை. வீட்டு வரவேற்பறைக்கு அலங்காரமாக வாங்குவதை அங்கே அவமரியாதையாகவும் பார்க்கிறார்கள்.

உயிருள்ள பிராணிகள். சாத்துசாக்கை ஒட்டிய செல்லப்பிராணிச் சந்தையில் 2024 ஜூனில் ஏற்பட்ட தீயில் கூண்டுகளுக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் மறைத்துக் கொண்டுவரப்படும் பல்லிகள், பாம்புகள், சிறு குரங்குகள் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன.

எல்லாவற்றையும்விட கஞ்சா. தாய்லாந்து 2022 ஜூனில் அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. பச்சை இலை படம் போட்ட கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 2025 ஜூனில் கஞ்சா மொட்டு மருத்துவச் சீட்டுக்கு மட்டும் என்று மறுபடி இறுக்கினார்கள். இந்தியச் சட்டம் இந்த இடைவெளியில் எங்கேயும் மாறவில்லை. கஞ்சா கலந்த கம்மி மிட்டாய், பிரவுனி எதையும் 'அங்கே கடையில்தான் வாங்கினேன்' என்று சொல்லித் தப்ப முடியாது.

சென்னை விமான நிலையத்தில் பாங்காக் பயணிகளிடம் உயர்ரகக் கஞ்சா பிடிபட்ட செய்திகளை அடிக்கடி படித்திருப்பீர்கள். டிக்கெட், ஹோட்டல் செலவு இலவசம், திரும்பும்போது ஒரு பையை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று இளைஞர்களுக்கு வலை விரிக்கிறார்கள். அளவு ஒரு கிலோவைத் தாண்டினால் 10 ஆண்டு வரை சிறை, 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவு, பொருளை வைத்திருந்தவருக்கு அது தெரிந்தே இருந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஹோட்டலில் பழகியவர் 'என் பெட்டி வெயிட் அதிகமாயிடுச்சு, இந்த சாக்லேட் பாக்கெட்டை மட்டும் உங்க பெட்டில வெச்சுக்கறீங்களா' என்று கேட்டாலும் இதே பிரிவுதான்.

கிளம்பும் நாள்

பட்ஜெட் விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான். சந்தையில் வாங்கிய பீங்கான் கிண்ணங்கள் அந்த எடையைச் சட்டென்று தொட்டுவிடும். கூடுதல் எடையைப் பயணத்துக்கு முன்பே ஆன்லைனில் வாங்குவதைவிட கவுன்டரில் கட்டுவது அதிகம். சாத்துசாக்கிலேயே பார்சல் அனுப்பும் கடைகள் உள்ளன. ஆனால் நீங்கள் கையோடு கொண்டுவரும் பொருளுக்குக் கிடைக்கும் சுங்கச் சலுகை, பார்சலில் வரும் பொருளுக்குக் கிடையாது.

மீந்த பாட் நோட்டுகளை அங்கேயே மாற்றிவிடலாம். நாணயங்களை எக்ஸ்சேஞ்ச் கடைகள் வாங்குவதில்லை. கடைசி நாள் நாணயங்களை முதலில் செலவழியுங்கள். ரயில் நிலைய டிக்கெட் இயந்திரங்கள் 10 பாட் நாணயத்தைத் தாராளமாக விழுங்கும்.